மவுண்டன் பைக் வாங்கப் போறீங்களா? எத்தனை கியர்னு கேக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துடுங்க

கடைல போய் எம்டிபி (மவுண்டன் பைக்குக்கு சுருக்கப் பேரு) காட்டுங்கன்னு கேட்டா பத்தாயிரத்துல ஆரம்பிச்சு லட்சக்கணக்கு வரைக்கும் வரிசையா நிறுத்தி வச்சிருப்பாங்க. எல்லாத்துலயும் தடி டயர், முன்னாடி ஷாக், ஃப்ரேம்ல பெருசா ஸ்டிக்கர், தூரத்துல இருந்து பாத்தா அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். ஆனா வெல கம்மியா இருக்கற பெரும்பாலானது மலைக்குன்னு செஞ்சதே இல்ல, மலை சைக்கிள் மாதிரி தெரியணும்னு செஞ்சது. நம்பலைனா கூட வர்ற மேனுவல பொறுமையா புரட்டுங்க, ஜம்ப் பண்ணாதீங்க, கரடுமுரடான பாதையில ஓட்டாதீங்கன்னு சின்ன எழுத்துல அவங்களே போட்டிருப்பாங்க.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். ஃப்ரேம் சைஸ், முன் ஃபோர்க் (முன் சக்கரத்த பிடிக்கற ரெட்டைக் கால், முன் ஷாக் இருக்கறது இதுலதான்), பின் ஹப் (பின் சக்கரத்தோட நடுப் பகுதி), இந்த மூணையும் தப்பா எடுத்துட்டா பின்னாடி மாத்த ஆகற செலவு சைக்கிள் வெலையையே தொட்டுடும். மத்ததெல்லாம் போகப் போக மாத்திக்கலாம். கடைக்காரர் முதல்ல சொல்ற "21 கியர் சார்" இந்த மூணுல எதுலயும் சேராது.

கொஞ்சம் பழைய கதை, வாங்கறதுக்கு உபயோகப்படும்கறதால சொல்றேன். 1970கள்ல கலிஃபோர்னியால சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல மரின் கவுண்டின்னு ஒரு இடம், அங்க இருந்த பசங்க பழைய பலூன் டயர் சைக்கிள மலை மேல தூக்கிட்டு போய் மண் ரோட்டுல இறங்கிட்டு இருந்தாங்க. 1976 அக்டோபர்ல அவங்கள்ல ஒருத்தரான சார்லி கெல்லி அதையே ரேஸா நடத்த ஆரம்பிச்சார். அந்த பாதைக்கு ரீபேக்னு பேரு வந்ததுக்கு காரணம் பிரேக்தான், பெடல பின்னாடி மிதிச்சா பிடிக்கற பழைய ஹப் பிரேக், ரெண்டு மைல் இறங்கி முடிக்கறதுக்குள்ள உள்ள இருக்கற கிரீஸ் பொகையா போயிடும், மறுபடி கிரீஸ் அடைச்சாதான் (அதான் ரீபேக்) அடுத்த ரவுண்டு. அப்பறம் அதே கூட்டத்து ஜோ ப்ரீஸ் இதுக்குன்னே தனியா ஃப்ரேம் கட்டினார், 1979ல கேரி ஃபிஷரும் கெல்லியும் சேந்து மவுண்டன்பைக்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சாங்க, ஃப்ரேம் டாம் ரிட்சி கட்டினது. 1981ல ஸ்பெஷலைஸ்டு கம்பெனியோட ஸ்டம்ப்ஜம்ப்பர்ங்கற மாடல் வந்துச்சு. ஷாக்? ராக்‌ஷாக்ஸ் கம்பெனியோட முதல் ஷாக் ஃபோர்க் ஆர்எஸ்-1 வந்தது 1989லதான். அதாவது பத்து வருஷத்துக்கு மேல ஷாக்கே இல்லாம நல்ல ஃப்ரேம், நல்ல பிரேக், நல்ல டயர வச்சே மலை இறங்கிருக்காங்க. இத மனசுல வச்சுக்கோங்க, மட்டமான ஷாக் போட்ட சைக்கிள விட ஷாக்கே இல்லாத சைக்கிள் மேல்.

1. எங்க ஓட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

ஆஃபீஸ் போக, ஞாயித்துக்கிழமை காலைல ஈசிஆர்ல ஒரு ரவுண்டு, எப்பயாச்சும் ஏரிக்கரை மண் ரோடு, இவ்வளவுதான்னா உங்களுக்கு எம்டிபியே வேண்டாம், ஹைப்ரிட் (தார் ரோட்டுக்கும் லேசான மண் ரோட்டுக்கும் ஆகற, டயர் ஒல்லியான சைக்கிள்) எடுங்க. தடி டயரும் ஷாக்கும் தார் ரோட்டுல உங்க காலோட சக்திய தின்னும், கூட வர்றவன் ஹைப்ரிட்ல ஜாலியா பேசிட்டு வருவான், நீங்க மூச்சு வாங்கிட்டு போவீங்க. மலை ஏறணும்னு ஆசைன்னாலும் அதேதான், கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு, அதுக்கு தேவை லேசான கியரும் நல்ல பிரேக்கும், ஷாக் இல்ல.

எஸ்டேட் மண் ரோடு, ஜல்லி பெயர்ந்து கெடக்கற பாதை, வரப்பு, கல்லு, மழையில அரிச்சுப் போன வண்டித் தடம், இதுலதான் பெரும்பாலும் ஓட்டப் போறேன்னா எம்டிபி சரி. ஒண்ணு மட்டும், ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம போறது சட்டப்படி குத்தம், சைக்கிள்தானேன்னு விடமாட்டாங்க, அதுபோக நீலகிரி பக்கம் வளைவுல திரும்பினா முன்னாடி காட்டுமாடோ யானையோ நிக்கலாம். அதனால பாதை எங்க இருக்கு, யாரோட எடம்னு விசாரிச்சுட்டே சைக்கிள் பாருங்க.

2. ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா

முன்னாடி மட்டும் ஷாக் இருந்தா ஹார்ட்டெயில், பின்னாடியும் இருந்தா ஃபுல் சஸ்பென்ஷன். ஷாக் எவ்வளவு அமுங்கும்கறத டிராவல்னு சொல்வாங்க, மிமீ கணக்கு. 100லேர்ந்து 120 வரைக்கும் கிராஸ் கன்ட்ரி, வேகமா ஏறி இறங்க. 120லேர்ந்து 150 டிரெயில், எல்லாத்துக்கும் ஓரளவு ஆகும். 150க்கு மேல 180 வரை எண்டூரோ, பெரிய இறக்கத்துக்கு. 200ன்னா டவுன்ஹில், அது லிஃப்ட்லயோ ஜீப்லயோ மேல ஏத்திட்டு போய் இறங்க மட்டும், மிதிச்சு ஏத்தணும்னு நெனச்சு வாங்காதீங்க.

டிராவல் கூடக்கூட ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் சாயற கோணமும் குறையும். கிராஸ் கன்ட்ரில 67, 68 டிகிரி இருக்கும், டிரெயில்ல 65 பக்கம், டவுன்ஹில்ல 63. கோணம் குறைஞ்சா முன் வீல் தள்ளி நிக்கும், செங்குத்தான இறக்கத்துல தலைகீழா கவுத்திடும்ங்கற பயம் கம்மி, ஆனா மெதுவா ஏறும்போது ஹேண்டில் அங்கயும் இங்கயும் அலையும்.

முதல் சைக்கிளுக்கு என் ஓட்டு 100 அல்லது 120 மிமீ ஹார்ட்டெயிலுக்குத்தான். அதே காசுக்கு பார்ட்ஸ் எல்லாம் ஒரு படி மேல கெடைக்கும், பராமரிப்பும் கம்மி, ஃபுல் சஸ்பென்ஷன்னா பிவட் (ஃப்ரேம் மடங்கற மூட்டு) பேரிங், பின் ஷாக் சர்வீஸ்னு தனி செலவு. முக்கியமா 15 ஆயிரத்துக்கு கெடைக்கற டபுள் ஷாக் பக்கமே போகாதீங்க. பின்னாடி ஒரு ஸ்பிரிங்க சொருகி வச்சிருப்பாங்க, அவ்வளவுதான். மிதிக்க மிதிக்க அமுங்கும், உங்க பலத்துல பாதி ஸ்பிரிங்குக்கே போகும், கொஞ்ச நாள்ல பிவட் ஆட ஆரம்பிச்சா பின் வீல் தனியா ஒரு பக்கம் போகும்.

3. சைஸ்

கடைல ஸ்டாக் இருக்கற சைஸத்தான் உங்க சைஸ்னு சொல்வாங்க, "சீட்ட இறக்கிக்கலாம் சார்" அப்படின்னு. சீட் ஏறும் இறங்கும், ஆனா சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையில இருக்கற நீளம் ஃப்ரேம்லயே முடிவானது, அத ஸ்டெம் (ஹேண்டில பிடிக்கற சின்னத் துண்டு) மாத்தி ஒண்ணு ரெண்டு செமீ நகத்தலாம், அதுக்கு மேல முடியாது. பொதுவா உங்க உயரம் அஞ்சடி ரெண்டு இன்ச்சுல இருந்து அஞ்சு ஆறு வரைக்கும் எஸ், அஞ்சு ஆறுல இருந்து அஞ்சு பத்து எம், அதுக்கு மேல எல். ஆனா கம்பெனிக்கு கம்பெனி மாறும், அவங்க வெப்சைட்ல சார்ட் இருக்கும், அதுல ரீச்ங்கற அளவ (பெடல் அச்சுல இருந்து ஹேண்டில் குழாய் வரைக்கும் கிடையா இருக்கற தூரம்) பாத்து ரெண்டு மூணு மாடல ஒப்பிட்டு பாருங்க.

கடைல டாப் ட்யூபுக்கு (ஃப்ரேமோட மேல் குழாய்) ரெண்டு பக்கமும் கால தரைல ஊனி நில்லுங்க, குழாய்க்கும் உங்களுக்கும் ரெண்டு இன்ச்சாவது இடைவெளி வேணும். ரெண்டு சைஸுக்கு நடுவுல மாட்டிக்கிட்டீங்கன்னா, வளைவு நெளிவா திருப்பி விளையாடணும்னா சின்னது, நீளமா நிதானமா ஓட்டணும்னா பெருசு.

வீல் சைஸ சீக்கிரம் முடிச்சிடலாம். 26 இன்ச் இப்ப பழைய ஸ்டாக்கும் மலிவு சைக்கிளும்தான், நல்ல டயர், ரிம் கெடைக்கறது குறைஞ்சுட்டே வருது. 29 கல்லு குழி மேல சுலபமா உருண்டு போகும், 27.5 சட்டுனு திரும்பும். அஞ்சு நாலுக்கு மேல இருந்தா யோசிக்காம 29, கம்மின்னா 27.5 எடுங்க, அந்த சைஸ் ஃப்ரேமுக்கு நிறைய கம்பெனி அதத்தான் போட்டே அனுப்பறாங்க.

4. ஃபோர்க், இங்கதான் ஏமாத்து வேலை நிறைய

கடைல நின்னுக்கிட்டே பாக்கலாம். முன் பிரேக்க இறுக்கிப் பிடிச்சு, உங்க எடைய ஹேண்டில் மேல போட்டு நல்லா அமுக்குங்க, சட்டுனு கைய தளத்துங்க. மட்டமான ஃபோர்க் அமுங்கும்போதே கரகரன்னு மாட்டி மாட்டி இறங்கும், விட்டதும் டக்குனு எகிறி மேல வந்து இடிக்கும், ஏன்னா உள்ள வெறும் ஸ்பிரிங்தான், திரும்பி வர்ற வேகத்த அடக்க டேம்பர் கெடையாது. கல்லு மேல ஏறின வேகத்துக்கு அது உங்க கைய மேல தூக்கி அடிக்கும், அந்த நேரம் பாத்து வளைவு வந்தா முன் டயருக்கு பிடிப்பே இருக்காது. நல்ல ஃபோர்க் சத்தமில்லாம இறங்கி, நிதானமா மேல வரும், கீழ ஒரு காலோட அடியில ரீபவுண்ட் திருகு இருக்கும், அத திருப்பினா வர்ற வேகம் மாறும்.

அடுத்து ஸ்டான்ஷன், பளபளன்னு உள்ள போயிட்டு வர்ற குழாய். 28 மிமீ விட்டம்னா அது தார் ரோட்டுக்கும் நல்ல மண் ரோட்டுக்கும்தான், எஸ்ஆர் சன்டூர் எக்ஸ்சிடி அந்த ரகம், நிறைய சைக்கிள்ல அதுதான் வருது. 30, 32 மிமீ இருந்தா நம்பி பாதையில இறக்கலாம். சன்டூர் எக்ஸ்சிஆர், ராக்‌ஷாக்ஸ் ஜூடி, ரீகான், இந்த பேர்லாம் இருந்தா ஓகே.

ஸ்பிரிங்கா ஏரான்னு கேளுங்க. ஸ்பிரிங் ஃபோர்க் ஒரு சராசரி எடைக்கு கட்டினது, நீங்க 50 கிலோன்னா அது பாதி கூட அமுங்காது, 95 கிலோன்னா உக்காந்ததுமே அமுங்கிடும். ஏர்னா ஷாக் பம்ப் வச்சு உங்க எடைக்கு காத்து வச்சுக்கலாம் (டயர் பம்ப் இல்ல, அது தனி பம்ப்). சைக்கிள் மேல உக்காந்தா 100 மிமீ ஃபோர்க் 20 மிமீ போல தானா இறங்கணும், அதுக்கு பேரு சேக், டிரெயில் சைக்கிள்னா இன்னும் கொஞ்சம் கூடவே வைக்கலாம்.

ஃப்ரேம்ல ஃபோர்க் நுழையற ஹெட் ட்யூப கவனிங்க. மேல சின்னதா கீழ தடியா இருந்தா டேப்பர்டு. மேலயும் கீழயும் ஒரே சைஸா நேர் குழாயா இருந்தா, நாளைக்கு நல்ல ஃபோர்க் மாத்தணும்னு நெனச்சாலும் உங்க ஃப்ரேமுக்கு பொருந்தறது கெடைக்கறது கஷ்டம், இப்ப வர்ற நல்ல ஃபோர்க் பெரும்பாலும் டேப்பர்டுதான். "இப்ப இத வாங்கிட்டு அப்பறம் அப்கிரேட் பண்ணிக்கறேன்"ன்னு சொல்றவங்க முக்காவாசி பேர் இத பாக்கறதில்ல.

5. பின் ஹப், யாரும் பாக்காத இடம்

பின் வீல்ல பல்சக்கரம் ரெண்டு விதமா மாட்டிருக்கும். ஒண்ணு ஃப்ரீவீல், மொத்தமா மரையில திருகி மாட்டறது. இன்னொண்ணு கேசட், ஹப்போட ஃப்ரீஹப்ல (ஹப்லயே சேந்திருக்கற சுத்தற பகுதி) சொருகி லாக்ரிங் போடறது. ஃப்ரீவீல் ஹப்ல வலது பக்க பேரிங் ரொம்ப உள்ள தள்ளி இருக்கும், அதுக்கு வெளிய ஆக்ஸில் (அச்சு) துணை இல்லாம நீட்டிட்டு இருக்கும், 70 கிலோ ஆள் ஒரு குழில தடால்னு இறங்கினா வளையறது அங்கதான். ஃப்ரீஹப்ல பேரிங் வெளி ஓரம் வரைக்கும் வந்துடறதால அந்த பிரச்சனை ரொம்ப கம்மி.

கண்டுபிடிக்கறது சுலபம். வீல பிடிச்சுக்கிட்டு பல்சக்கரத்த மட்டும் பின்னாடி சுத்துங்க, சின்ன பல்லுக்கு நடுவுல டூல் மாட்டற காடி இருக்கும் பாருங்க, அது பல்லோட சேந்து சுத்தினா கேசட், அது அசையாம பல்லு மட்டும் சுத்தினா ஃப்ரீவீல். பின்னாடி 7 பல்சக்கரம், அதாவது 7 ஸ்பீடுன்னாலே பெரும்பாலும் ஃப்ரீவீல்தான், 9க்கு மேல வந்தா பெரும்பாலும் கேசட். மலைப் பாதைன்னா கேசட் இல்லாத சைக்கிள எடுக்காதீங்க, அவ்வளவுதான்.

வீல் எப்படி மாட்டிருக்குன்னும் பாருங்க. குவிக் ரிலீஸ் லீவர் ஆரம்பத்துக்கு பரவால்ல. த்ரூ ஆக்ஸில் (ஹப் வழியா நுழைச்சு திருகற தடி அச்சு) இருந்தா இன்னும் விறைப்பா நிக்கும், அச்சு தடிமனும் ஹப் அகலமும் முன்னாடி 15க்கு 110, பின்னாடி 12க்கு 148 மிமீ அளவு இருந்தா அது பூஸ்ட், பிற்காலத்துல வீல் மாத்தறதுக்கு வசதி.

6. கியர் எண்ணிக்கை

இப்ப அந்த 21க்கு வருவோம். முன் பல்சக்கரங்கள்ல 42-34-24 பல், பின்னாடி 14-28 பல், இது ரொம்ப சாதாரணமா வர்ற செட். ஏத்தத்துக்கு கெடைக்கற ஆக லேசான கியர் 24க்கு 28, பெடல் ஒரு சுத்துக்கு 26 இன்ச் சைக்கிள் சுமார் 1.8 மீட்டர் நகரும். இதே முன்னாடி ஒரே 32 பல், பின்னாடி 10-51 இருக்கற 12 கியர் சைக்கிள், 29 இன்ச் வீலா இருந்தும் கூட ஒரு சுத்துக்கு 1.45 மீட்டர்தான் நகரும். எது ஏத்தத்துல லேசு? எண்ணிக்கைல கம்மியா இருக்கற 12தான். 21ல பாதி கியர் ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட ஒரே விகிதம்தான், அதுல சிலத செயின் குறுக்கா இழுக்கும்னு போடவே கூடாது.

கியர் செய்யற ஷிமானோ கம்பெனியோட வரிசை கீழ இருந்து டர்னி, ஆல்டஸ், ஏசரா, அலிவியோ, டியோர், எஸ்எல்எக்ஸ், எக்ஸ்டி, எக்ஸ்டிஆர். 2023ல கீழ்ப்பக்க குரூப்ப (பார்ட்ஸ் செட்) எல்லாம் ஒண்ணு சேக்கற மாதிரி க்யூஸ்னு கொண்டு வந்துட்டாங்க, புது மாடல்ல அது இருந்தா பயப்பட வேண்டாம், உழைக்கற ரகம். இன்னொரு கம்பெனி ஸ்ராம்ல எஸ்எக்ஸ், என்எக்ஸ், ஜிஎக்ஸ்னு போகும். என்ன கேட்டா டியோர் தாராளமா போதும். ஒரு தந்திரம் நடக்கும், கண்ணுக்கு தெரியற பின் டீரெய்லர் (செயின கியருக்கு கியர் தள்ளற பார்ட்) மட்டும் டியோர் போட்டு, ஷிஃப்டர் (ஹேண்டில்ல கியர் மாத்தற லீவர்), கிராங்க் (பெடல் மாட்டற தண்டு), கேசட் எல்லாம் பேர் தெரியாதது போட்டிருப்பாங்க, ஸ்பெக் ஷீட்ட முழுசா படிங்க.

7. பிரேக்

ஹைட்ராலிக் டிஸ்க், அதாவது எண்ணெய் அழுத்தத்துல பிடிக்கறது. பட்ஜெட் இடிச்சா கேபிள்ல இழுக்கற மெக்கானிக்கல் டிஸ்க்கோட சமாளிக்கலாம், ஆனா நீளமான இறக்கத்துல விரல் மரத்துப் போகும். ஷிமானோ எம்டி200 மாதிரி அடிமட்ட ஹைட்ராலிக்கே ஒரு விரல்ல நிறுத்தும். 80 கிலோக்கு மேல இருந்தா முன்னாடி 180 மிமீ டிஸ்க் கேளுங்க, இல்லன்னா 160 போதும்.

இம்போர்ட்டட் சைக்கிள் சிலதுல இடது கை முன் பிரேக்கா வரும். மோட்டார் பைக் ஓட்டி வலது கைதான் முன் பிரேக்னு பழகினவங்க அவசரத்துல தப்பா பிடிச்சு முன்னாடி பறந்துடுவாங்க, டெலிவரிக்கு முன்னாடியே மாத்தி தர சொல்லுங்க. புது டிஸ்க் முதல்ல சரியா பிடிக்காது, காலியான ரோட்டுல வேகமா போய், முழுசா நிக்காம மெதுவாக்கறத ஒரு இருபது தடவ செஞ்சா பேட் படிஞ்சுடும். அப்பறம் தயவு செஞ்சு செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க் மேல படாம பாத்துக்கோங்க. பிரேக் கத்துது, பிடிக்க மாட்டேங்குதுன்னு வர்ற புகார்ல இது அடிக்கடி நடக்கறது.

8. டயரும் சீமைக்கருவேல முள்ளும்

நம்ம ஊர்ல எம்டிபி ஓட்டறவனுக்கு முதல் எதிரி கல்லு இல்ல, கருவேல முள்ளு. கண்மாய்க்கரை, காட்டு ரோடு எங்க போனாலும் கெடக்கும், ஒரே ரைடுல ரெண்டு வீலும் பஞ்சர் ஆகும். அதனால டியூப்லெஸ் ரெடி (உள்ள டியூப் இல்லாம ஓட்டறதுக்கு ஆன) ரிம்மும் டயரும் இருக்கற சைக்கிள் கெடைச்சா ஆயிரம் ரெண்டாயிரம் கூட போனாலும் எடுங்க. உள்ள ஊத்தற சீலன்ட் முள்ளு குத்தின ஓட்டைய அங்கயே அடைச்சுடும், முள்ள பாத்தா கூட பிடுங்காம வீட்டுக்கு வரலாம். நம்ம வெயிலுக்கு சீலன்ட் சீக்கிரம் காஞ்சுடும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா பாத்து ஊத்தணும்.

காத்து விஷயத்துல கடைல 60 பிஎஸ்ஐ வச்சு கல்லு மாதிரி ஆக்கி குடுப்பாங்க. அது டயர்ல போட்டிருக்கற உச்ச அளவு, ஓட்ட வேண்டிய அளவு இல்ல. 70 கிலோ ஆள், 2.25 இன்ச் டயர், டியூபோட 30 பக்கம், டியூப்லெஸ்னா 24, 25. ரொம்ப கொறைச்சா கல்லுல இடிச்சு டியூப்ல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். வால்வ் ப்ரெஸ்டாவா (ஒல்லியான வகை) இருந்தா பெட்ரோல் பங்க்ல காத்து அடிக்க சின்ன பித்தளை அடாப்டர் வேணும், அம்பது நூறு ரூபாதான், ரெண்டு வாங்கி ஒண்ண பைலயே போட்டு வைங்க.

9. எவ்வளவு காசுக்கு எது

வெல கடைக்கு கடை மாறும், சுமாரா சொல்றேன். 15 ஆயிரத்துக்கு கீழன்னா எம்டிபி வேண்டாம், ஷாக் இல்லாத நல்ல சைக்கிள் எடுத்துக்கோங்க. 20லேர்ந்து 35 ஆயிரம், மண் ரோட்டுக்கு ஆரம்பம், டெகாத்லான் ராக்ரைடர் இந்த இடத்துல குடுத்த காசுக்கு வஞ்சகம் இல்லாம இருக்கும். 40 தாண்டினா அலாய் ஃப்ரேம், ஹைட்ராலிக் பிரேக் எதிர்பார்க்கலாம். 70லேர்ந்து ஒரு லட்சம், ஏர் ஃபோர்க், முன்னாடி ஒத்தை பல்சக்கரம், டேப்பர்டு ஹெட் ட்யூப், இதுதான் பாதையில ஓட்டறவங்களுக்கு சரியான எடம்னு நெனைக்கறேன். உருப்படியான ஃபுல் சஸ்பென்ஷன் லட்சத்துக்கு மேலதான்.

பிராண்டுன்னு பாத்தா ட்ரெக், ஜயன்ட், ஸ்காட், மெரிடா, இந்தோனேசியாவோட பாலிகான், நம்ம சென்னை முருகப்பா குழுமத்து டிஐ சைக்கிள்ஸோட மான்ட்ரா, ஹீரோ கைல இருக்கற ஃபயர்ஃபாக்ஸ்னு நிறைய இருக்கு. பிராண்டுக்கு சண்டை போடறத விட உங்க ஊர்ல சர்வீஸ் பண்ண ஆள் இருக்கானு பாருங்க.

செகண்ட் ஹேண்ட் நல்ல வழிதான். ஹெட் ட்யூப் வெல்டிங் பக்கத்துல விரிசல், ஸ்டான்ஷன்ல நகத்துல தட்டுப்படற கீறல், டீரெய்லர் உள்பக்கமா வளைஞ்சிருக்கா, இதெல்லாம் பகல் வெளிச்சத்துல பாருங்க. கீழ விழுந்த கார்பன் ஃப்ரேம மட்டும் எவ்வளவு சல்லிசா குடுத்தாலும் தொடாதீங்க.

10. டெலிவரி எடுக்கற அன்னிக்கு

ஃபோர்க் சரியான பக்கம் பாக்குதான்னு பாருங்க, சிரிக்காதீங்க, டப்பால இருந்து எடுத்து அவசரத்துல திருப்பி மாட்டறது நெஜமாவே நடக்குது. டிஸ்க் பிரேக் காலிப்பர் (டிஸ்க்க கவ்விப் பிடிக்கற பார்ட்) முன் வீல்ல உங்க இடது பக்கம், ஃபோர்க் காலுக்கு பின்னாடி இருக்கணும். ரெண்டு வீலையும் தூக்கி சுத்தி விட்டு கோட்டம் இருக்கா, டிஸ்க் உரசுதான்னு பாருங்க. ஹேண்டில் ஸ்டெம் போல்ட்ட டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு காட்டற ஸ்பேனர்) வச்சு இறுக்க சொல்லுங்க, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்னு அதுலயே எழுதிருக்கும்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி, டீரெய்லர் ஹேங்கர் ஒண்ணு கூடவே கேட்டு வாங்குங்க. டீரெய்லரையும் ஃப்ரேமையும் இணைக்கற சின்ன அலுமினியத் துண்டு, சைக்கிள் வலது பக்கம் விழுந்தா ஃப்ரேம காப்பாத்த அதுதான் முதல்ல வளையும் இல்ல உடையும். மாடலுக்கு மாடல் வேற ஷேப், உடைஞ்சப்பறம் தேடினா வாரக்கணக்குல சைக்கிள் சும்மா நிக்கும். ஹெல்மெட், ஃப்ளோர் பம்ப், மல்டி டூல், லாக் இதுக்கெல்லாம் சைக்கிள் வெலையில பத்துல ஒரு பங்கு தனியா எடுத்து வைங்க.

கொஞ்ச நாள் ஓட்டினதும் கேபிள் தளரும், கியர் தாவும், ஸ்போக் டிக் டிக்னு சத்தம் போடும், அது ரிப்பேர் இல்ல, புது சைக்கிள் செட் ஆகறது. முதல் சர்வீஸ் ஃப்ரீயான்னு பில்லுலயே எழுதி வாங்கிக்கோங்க, அன்னிக்கு பின் வீல் ஸ்போக் டென்ஷன உங்க கண்ணு முன்னாடியே பாக்க சொல்லுங்க, தொடச்சு பாலீஷ் போட்டு குடுத்தா அது சர்வீஸ் இல்ல.